தொப்பிக்குள் நான்கு பயறு

வெண்டம், மேற்குப் பக்கம்
1796 மார்ச் 11, வெள்ளிக்கிழமை காலை

அன்பு மகள் தாமரிஸுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் இரக்கத்தால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை ஆசகேலும் சின்னவள் லோயிஸும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். நீ அக்டோபரில் எழுதிய கடிதம் ஜனவரிக் கடைசியில் வந்து சேர்ந்தது, ஒரு மூலை நனைந்து மை கலங்கிப்போயிருந்தது, லோயிஸுக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று எழுதிய இடம்தான் போய்விட்டது, அதை மறுபடி எழுது. அவளை அந்தப் பெரிய ஆற்றங்கரைக்குத் தனியாக விடாதே, நடக்க ஆரம்பித்த பிள்ளைக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறதென்று நன்றாகத் தெரியும். இங்கே பனி இன்னும் வேலி உயரத்துக்குக் கிடக்கிறது, ஆனால் பகலில் வெயில் வருகிறது, மேப்பிள் மரங்களில் சர்க்கரை காய்ச்சும் பால் இறங்கத் தொடங்கிவிட்டது, வாளி கட்டியாகிவிட்டது. சிவப்புப் பசு கன்று போட்டது, கிடேரி. இந்தக் குளிர்காலம் பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சாப்பாடும் படுக்கையும் போடுகிற முறை நம் வீட்டுக்கு, மனிதர் ஒல்லிதான், போடுவது எங்கே போகிறதென்றுதான் தெரியவில்லை. இதெல்லாம் நல்ல செய்தி, இதோடு முடிந்தது.

உன் கடிதத்தின் கடைசியில் நீ சந்தோஷமாக எழுதியிருந்ததை என்னால் சந்தோஷமாகப் படிக்க முடியவில்லை. உங்கள் குடியிருப்புக்காரர்கள் ஆசகேலை ஊர்ப் பொறுப்புக்கு நிறுத்துகிறார்கள், நாளைக்கு அந்தப் பகுதியும் ஒரு மாநிலமாகிவிட்டால் சட்டசபைக்கே அனுப்புவார்கள், அப்பாவைப் போலவே வருவார் என்று எழுதியிருந்தாய். அப்பாவைப் போல வருவதென்றால் என்னவென்று உனக்குப் பாதிதான் தெரியும், நீ வீட்டில் இருந்தவரை நல்ல பாதியைத்தான் பார்த்தாய். மீதியை இன்று எழுதப்போகிறேன். எழுத உட்கார்ந்து இரண்டு இறகுப் பேனா ஒடித்துவிட்டேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எங்களுக்குக் கல்யாணமான வருஷம் மார்ச் கூட்டத்தில் உன் அப்பாவைப் பன்றிக் காவலராகத் தேர்ந்தெடுத்தார்கள். புது மாப்பிள்ளையைப் பிடித்து அந்தப் பதவியில் போட்டு ஊரே சிரிப்பது இங்கே வழக்கம்தானே, எல்லோரும் ஒரு வருஷம் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு சுற்று மது வாங்கிக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். உன் அப்பா அப்படிச் செய்யவில்லை. கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் எந்தப் பன்றிக்குத் தோட்டத்தைக் கிளறாமலிருக்க மூக்கில் வளையம் இருக்கிறது எதற்கு இல்லை என்று நோட்டில் எழுதினார். போதகர் தோட்டத்து முட்டைக்கோஸைத் தின்ற பன்றி போதகருடையதுதான் என்று போதகர் முகத்துக்கு நேரே சொன்னார். இன்று ஆலயப் பொறுப்பில் டீக்கனாக இருக்கும் ஒபதியா ஃபிஸ்க் அப்போது இளைஞர், அவர்தான் ஆலய வாசலில் நின்றுகொண்டு, "எலிஃபலட், பன்னிய இவ்ளோ ஒழுங்கா பாத்துக்கிறியே, எங்களையும் பாத்துக்கோயேன்பா" என்று கேலி செய்தவர். கேலியாகச் சொன்னதைத்தான் ஊர் பிறகு நிஜமாகச் செய்தது. அடுத்து வேலி பார்க்கும் பொறுப்பு, அடுத்து பாதை, சுதந்திரச் சண்டைக்குப் போய்த் திரும்பிய பின் ஊரை நடத்தும் மூவரில் ஒருவர், பிறகு பாஸ்டன் சட்டசபைக்கு ஊர்ப் பிரதிநிதி, இது ஆறாவது தடவை. பேச்சுத் திறமை இருந்ததால் போனார் என்று நினைக்காதே, மேடையில் அவர் பேச்சு எப்படி என்று உனக்கே தெரியும், தொண்டையைச் செருமிக்கொள்வதிலேயே பாதி நேரம் போய்விடும். எண்ணிக்கைக்காகத்தான் அனுப்பினார்கள். எலிஃபலட் கேலார்டு எண்ணினால் மறுபடி எண்ண வேண்டாம் என்று ஆற்றின் இரண்டு பக்கத்துக்காரர்களும் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும், இப்போது கேட்டால் வாய் கசக்கிறது.

நம் ஊரில் பெரிய விஷயத்துக்கு ஓட்டு எப்படிப் போடுகிறார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ஆசகேலுக்குச் சொல், அவர் ஊரில் சீட்டு எழுதுவார்கள். இங்கே எழுதத் தெரியாதவர் வெட்கப்படக் கூடாதென்று பாட்டன் காலத்திலிருந்து அதே முறைதான், ஆமாம் என்றால் ஒரு மக்காச்சோள மணி, வேண்டாம் என்றால் ஒரு பயறு, மூடிய கையைத் தொப்பிக்குள் விட்டுப் போட்டுவிட்டு எடுப்பது. தொப்பி எப்போதும் உன் அப்பாவுடையது, ஊரிலேயே பெரிய தலை அவருக்குத்தான். சோளமும் பயறும் எப்போதும் என் அடுக்களையிலிருந்து போகும். போன கோடையில் அந்தப் பெரிய புள்ளிப் பயறு பூச்சி விழுந்து போய்விட்டது, கையில் இருந்தது சின்ன வெள்ளைப் பயறுதான், மிளகை விடக் கொஞ்சம் பெரிது. அதையே கிண்ணத்தில் அள்ளிக் கொடுத்தனுப்பினேன். தொப்பியின் உள் துணி ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது, அறுவடைக்கு முன்பே உன் அப்பா சொன்னார், "மெஹிட்டபெல், இத ஒரு கை தச்சுக் குடு, உள்ள காத்து அடிக்குது" என்று. நாளைக்கு நாளைக்கு என்று நானே தள்ளிப் போட்டேன். எல்லாம் என் கையால் நடந்தது, இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

டிசம்பர் முதல் திங்கள் கூட்டத்தில் ஊரை இரண்டாகப் பிரிப்பதா என்று கேட்டார்கள். ஆற்றுக்கு மேற்கே நாம் ஓர் ஊர், கிழக்கே அவர்கள் ஓர் ஊர். கிழக்குக்காரர்கள் வேண்டாம் என்றார்கள், ஆலயம் மேற்கே இருக்கிறது, போதகர் மேற்கே, அவர்களுடைய செத்தவர்கள் எல்லோரும் படுத்திருக்கும் கல்லறைத் தோட்டமும் மேற்கே. பிரித்தால் சொந்தத் தாய் தகப்பனைப் பக்கத்து ஊரில் விட்டுவிட்டுப் போன மாதிரி ஆகும் என்று ஒபதியா எழுந்து நின்று சொன்னாராம். உன் அப்பா பிரிப்பதுதான் நல்லதென்று வெளிப்படையாகவே பேசினார், பாலம் வருஷத்துக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டு போகிறது, மூன்று மாதம் அந்தப் பக்கம் போக முடியவில்லை, இப்படி ஓர் ஊர் எதற்கு என்றார். தொப்பி சுற்றி வந்தது. மேசைமேல் கவிழ்த்து எண்ணினார்கள், சோளம் நாற்பத்தொன்று, பயறு முப்பத்தொன்பது. பிரிப்பது என்று எழுதியாயிற்று. ஜனவரியில் ஊர் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு உன் அப்பா பாஸ்டன் போனார், குளிருக்கு ரோமக் குல்லா போட்டுக்கொண்டு போனதால் தொப்பி வீட்டில் ஆணியில் தொங்கியது.

அவர் போன இரண்டாம் வாரம் ஒரு சனிக்கிழமை, மனம் உறுத்தி, தொப்பியை எடுத்துத் தைக்க உட்கார்ந்தேன். துணிக்குள் விரலை விட்டு மடிப்பைச் சரிசெய்தபோது கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வெள்ளைப் பயறு. சோளம் ஒன்று கூட இல்லை, சோளம் தட்டை, அது துணிக்குள் உருளாது. நான் கணக்குத் தெரியாதவள் இல்லை, முப்பத்தொன்பதும் நாலும் நாற்பத்து மூன்று. ஊர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறது. வேண்டாம் என்ற ஊரை வெட்ட உன் அப்பா பாஸ்டனில் நிற்கிறார். முதலில் எனக்கு இவ்வளவுதான் தோன்றியது, பிறகு இன்னொன்று தோன்றியது, அதை உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவர் பிரிக்க வேண்டும் என்றவர். தொப்பி அவர் தொப்பி. தையல் விட்டிருப்பது ஊரில் அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவரைப் பற்றி ஒரு நிமிஷம் அப்படி நினைத்தேன், ஒரு நிமிஷம் என்று எழுதுவது பொய், அன்று தொடங்கி அவர் திரும்பி வந்த நாள் வரை நினைத்துக்கொண்டே இருந்தேன். தட்டு கழுவும்போது நினைத்தேன், பசுவின் மடியில் கை வைத்துக்கொண்டு நினைத்தேன். இவர் யார் என்று எனக்குத் தெரியுமா என்று பயந்தேன். அந்தப் பயம் எப்படியென்றால், வீட்டுக்குள் யாரோ நுழைந்து ஒளிந்திருக்கிறார்கள், சத்தம் போட்டால் வெளியே வந்துவிடுவார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல.

நான்கையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது வாத்தியார் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். சனிக்கிழமை என்று சொன்னேனே, பொழுது சாய்ந்ததும் தொடங்கும் ஓய்வுநாளுக்கு அடுப்பில் ஏற்ற ஊறவைத்த பயறு பானை நிறைய மேசைமேல் இருந்தது. கையை அதற்குள் விட்டேன். யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன், கை தானாகப் போயிற்று. வெல்லப்பாகும் பன்றி இறைச்சியும் போட்டு மூடி அடுப்புக்குள் தள்ளிவிட்டேன். பொழுது சாய்ந்து பரிமாறினேன், எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. வாத்தியார் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு என்னம்மா கைப்பக்குவம் தனியா இருக்கு" என்றார். அவர் வாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், நான்கு பேருடைய சொல்லை அந்த மனிதர் மென்று விழுங்குகிறார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நீ சிரிப்பாய், தெரியும். வேறு ஒருத்தி செய்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பிப்ரவரியில் உன் அப்பா மூன்று நாளைக்கு வீடு வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. ஒபதியா கிழக்குக்காரர்கள் கையெழுத்தோடு சட்டசபைக்கு எழுதியிருந்தாராம், கூட்டத்தன்று நான் கதவோரம் உட்கார்ந்து, வந்த ஆட்களை எண்ணினேன், தொப்பியில் வந்த கணக்குக்கு நாலைந்து பேர் அதிகம் இருந்தார்கள், எண்ணிக்கை சரியில்லை என்று. அங்கே விசாரிக்கிற குழு, திரும்பி வரும்போது சத்தியம் செய்து சொல்ல வேண்டும் என்று உன் அப்பாவிடம் கேட்டுவிட்டது. குளிர் காய்ந்துகொண்டே அவர் தொப்பியைக் கையில் எடுத்தார், உள்ளே தடவிப் பார்த்தார், தையல் போட்டிருந்தது. "எப்ப தச்ச" என்றார். நீங்கள் போன பிறகு என்றேன். "தைக்கிறப்ப உள்ள ஏதாச்சும் இருந்துச்சா" என்றார். தாமரிஸ், நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. ஒளித்தவராக இருந்தால் கேட்க மாட்டார் என்று ஒரு மனம் சொன்னது, ஒளித்தவராக இருந்தால்தான் நான் கண்டுபிடித்தேனா என்று கேட்பார் என்று இன்னொரு மனம் சொன்னது. இருந்தது என்றால் அவர் என்ன செய்வார் என்பதும் தெரியும், குழு முன்னால் நின்று அப்படியே சொல்லிவிடுவார், பன்றிக் காவலுக்குக் கல்யாணக் கோட்டுப் போட்டவர் வேறென்ன செய்வார், அவர் தொப்பிக்குள்தான் இருந்தது என்றால் யார் நம்புவார்கள், பயறு எங்கே என்றால் வாத்தியார் வயிற்றில் என்றா சொல்வது. இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் ஓடியது. "என்ன இருக்கப் போகுது, ஒண்ணுமில்லைங்க" என்றேன். சரி என்று தொப்பியை ஆணியில் மாட்டினார். மறுபடி கேட்கவில்லை. பாஸ்டன் போய் வேதப்புத்தகத்துக்கு முன்னால் வலது கையைத் தூக்கி, தொப்பிக்குள் விழுந்தது முழுவதும் எண்ணப்பட்டது என்று சத்தியம் செய்தார். ஊர் பிரிந்தாயிற்று. ஏப்ரலில் அவரை மேல்சபைக்கு நிறுத்தலாம் என்று வேறு இங்கே பேசுகிறார்கள், வந்து கைகுலுக்குகிறார்கள், நான் ஆப்பிள் சைடர் ஊற்றிக் கொடுக்கிறேன்.

இதன் பிறகு வீட்டில் நடப்பதைக் கேள். போன வாரம் யாரோ நம் கரும்பழுப்புக் குதிரையின் வாலை ஒட்ட நறுக்கிவிட்டார்கள். முன் ஜன்னல் கண்ணாடி இரண்டு போயிற்று, கல்லில் எதுவும் எழுதிச் சுற்றவில்லை, வெறும் கல். உன் அப்பா பாலத்தைத் தாண்டி மாவு மில்லுக்குப் போனால் திரும்பி வரும்வரை நான் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "கோவம் இருக்கும்ல, ஆறிரும் விடு" என்கிறார் அவர். கிழக்குக்காரர் கோபம் நியாயமான கோபம் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அடிக்க வருகிறவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கதவுக்குப் பின்னால் நிற்பது என்னவென்று உனக்கு வராமல் இருக்கட்டும்.

ஆனால் இதுகூடப் பெரிதில்லை. ஒபதியாவை ஆலயச் சபை கூப்பிட்டிருக்கிறது. சத்தியம் செய்து சொன்ன சகோதரன்மேல் பொய் சுமத்தினார் என்று குற்றம். இந்த ஞாயிற்றுக்கிழமை, நாளை மறுநாள், அவர் எல்லோருக்கும் முன்னால் ஆலயத்தின் நடுவழியில் நின்று, நான் பொய் சொன்னேன், என்னை மன்னியுங்கள் என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டீக்கன் பதவியும் போய், திருவிருந்தும் இல்லாமல், சபையை விட்டே நீக்கிவிடுவார்கள். அவர் சொல்ல மாட்டார். அறுபது வயதில் அந்த மனிதர் எண்ணியது சரி, அவர் சொன்னது உண்மை, அதற்காக அவரைத் தள்ளி வைக்கப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை கடையில் அவர் மனைவி ஜெருஷாவைப் பார்த்தேன். நீ பிறந்தபோது நீலம் பாரித்துக் கிடந்தாய், மூச்சில்லை, தலைகீழாகத் தூக்கித் தட்டி வாயில் ஊதி உன்னை அழ வைத்தது ஜெருஷா, உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். விலகிப் போகப் பார்த்தேன், அவள் என் முன்னால் வந்து நின்றுகொண்டாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மெஹிட்டி, எங்க வீட்டுக்காரரு ராத்திரி தூங்கறதே இல்லடி. தப்பா எண்ணிட்டனோ, தப்பா எண்ணிட்டனோன்னு வெரல மடக்கிட்டே இருக்காரு. எலிஃபலட் சத்தியம் பண்ணிட்டாருன்னா அப்ப நாந்தான் தப்புன்னு அவருக்கே சந்தேகம் வந்துருச்சு. நீயாச்சும் சொல்லேன், அவரு தப்புத்தானா?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். உப்பு வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து மூன்று தடவை உன் அப்பாவிடம் வாயெடுத்தேன். ஒரு தடவை தொழுவத்தில், ஒரு தடவை வாளி மாற்றும்போது மரத்தடியில், நேற்று சாப்பாட்டு மேசையில். ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ பேசிவிட்டேன். அவர் என்னை அடிக்கப் போவதில்லை, ஏசக்கூட மாட்டார், அதுவே பயமாக இருக்கிறது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் செய்த ஒரே பொய்ச் சத்தியம், அதை நான் அவர் வாயில் வைத்துக் கொடுத்தேன். அதைக் கேட்டபின் அந்த மனிதர் என்னை எப்படிப் பார்ப்பார் என்பதை என்னால் நினைக்க முடியவில்லை. இன்னொரு பயமும் இருக்கிறது. நான் சொல்லும்போது அவர் ஆச்சரியப்படாவிட்டால் என்ன செய்வது. அப்போது நான் எந்த வீட்டில் இருப்பேன், யாரோடு இருப்பேன். இரண்டில் எது வரும் என்று தெரியாமல்தான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆசகேல் விஷயம். ஊர்ப் பொறுப்பு வேண்டாம் என்று அவரைத் தடுக்கச் சொல்லித்தான் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத அது சரியாகத் தோன்றவில்லை. யாராவது ஒருவர் தொப்பியைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். போகட்டும். ஆனால் ஒரு நாள் அவர் வெளியே இருந்து களைத்து வந்து உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார், உள்ளே ஏதாவது இருந்ததா என்று கேட்பார். அப்போது அவரைக் காப்பாற்ற வேண்டுமென்று நினைத்துப் பதில் சொல்லாதே, என்ன இருந்ததோ அதைச் சொல். தொப்பித் துணியையும் அன்றைக்கே தைத்துக் கொடு.

உங்கள் பக்கம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போகிற ரட்லண்டுக்காரர் நாளை விடியற்காலையில் கிளம்புகிறார், கடிதத்தை இன்று மாலைக்குள் கொடுத்துவிட வேண்டும். நான் எழுதும் கடிதங்களை உன் அப்பாதான் மடித்து அரக்கு வைப்பார், என் எழுத்தில் முகவரி எழுதினால் கடிதம் உன் ஊர் வந்து சேராது என்பார். மடிப்பதற்கு முன் முழுக்கப் படித்துவிட்டு, அடியில் அவர் பங்குக்கு இரண்டு வரி எழுதுவார், அது உனக்குத் தெரியும், இவ்வளவு வருஷமாக வந்துகொண்டிருக்கிறதே. இந்தத் தடவை படிக்க வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் பால் கறக்கப் போகிறேன்.

லோயிஸை நெஞ்சோடு அணைத்துக்கொள், அது என் அணைப்பு. உன் வீட்டில் ரொட்டியும் நெருப்பும் குறையாமல் இருக்கட்டும், ஆசகேலின் காலும் உன் நாக்கும் நேராகப் போகட்டும், ஆண்டவர் உங்களை அந்தத் தூரத்திலும் கண்ணில் வைத்துக் காக்கட்டும். பல் எத்தனை என்று மறக்காமல் எழுது. என்ன நடந்தது என்று அடுத்தவர்கள் எழுதி உனக்குத் தெரிய வரலாம், அதற்கு முன் என் வாயால் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

உன்மேல் உயிராக இருக்கும் அம்மா
மெஹிட்டபெல் கேலார்டு

மகளே, படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அன்று கூட்டம் கலைந்து தொப்பியைத் தலையில் வைக்கும்போது ஒரு பயறு என் காதில் பட்டுத் தரையில் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை. ஒன்று சேர்ந்தாலும் முடிவு மாறாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, பூட்ஸ் நுனியால் அதைப் பலகை இடுக்கில் தள்ளிவிட்டேன். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் உன் அம்மாவிடம் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள், எனக்கு நிம்மதியாக இருந்தது, அதனால் மறுபடி கேட்கவில்லை. என் வாயில் யாரும் எதையும் வைக்கவில்லை. வண்டியில் குதிரையைப் பூட்டிவிட்டேன், ஒபதியா வீட்டுக்குப் போகிறோம், அவர் கதவைத் திறப்பாரா என்று தெரியாது. உன் அம்மா பால் கறந்து முடித்து வெகு நேரமாகியும் தொழுவத்திலேயே நிற்கிறாள், உள்ளே வரப் பயப்படுகிறாள். போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அப்பா